கல்லீரல் புற்றுக் குருத்தணுவும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்: ஒரு கருத்தாக்கத்தின் மீதான திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்லீரல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின்னும் மீண்டெழுவதற்குப் புற்றுக் குருத்தணுக்களே காரணம் என்றும், மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு அவற்றை அடக்கலாம் என்றும் ஆய்வுலகம் பேசி வருகிறது. இக்கருத்தின் சான்றுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. 'குருத்தணு' என்னும் தமிழ்ச் சொல் ஓர் அணு வகையைச் சுட்டுகிறது. சான்றுகளோ அணுவின் ஒரு நிலையைச் சுட்டுகின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாமை சிகிச்சை பற்றிய எதிர்பார்ப்பைத் திரித்துவிடுகிறது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கல்லீரல் புற்றுநோய், குருத்தணு, மைக்ரோ ஆர்.என்.ஏ., கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

1993இல் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ரவ்குனும் ஓர் உருளைப்புழுவில் கண்டறிந்த மைக்ரோ ஆர்.என்.ஏ., 2024இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் மட்டுமே கொண்ட இச்சிறு மூலக்கூறு புரதம் எதையும் உருவாக்குவதில்லை. தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து, அது புரதமாக மாறுவதைக் குறைப்பதே இதன் பணி. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே வேளையில் தொட வல்லது. இதன் மீதான நம்பிக்கைக்கும் இதைக் குறித்த ஐயத்திற்கும் அப்பண்பே அடிப்படை.

கிடைத்துள்ள சான்றுகள்

கல்லீரலில் காணப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு மிர்-122 ஆகும். முதிர்ந்த கல்லீரல் அணுவின் இயல்பைக் காப்பது இது. இதை நீக்கிய எலிகளில் கொழுப்புப் படிதல், அழற்சி, நார்த்திசுப் பெருக்கம், இறுதியில் புற்றுக்கட்டி ஆகியன தோன்றுவதை 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இதற்கு எதிர்த்திசையில் செயற்படுவன சில. எப்கேம் என்னும் மேற்பரப்புப் புரதம் கொண்ட கல்லீரல் புற்றணுக்களில் மிர்-181 மிகுந்திருப்பதையும், அதைத் தடுத்தால் அவ்வணுக்களின் குருத்து இயல்பு குன்றுவதையும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டனர். சிடி133 புரதம் கொண்ட அணுக்களின் சுயபுதுப்பிப்பை மிர்-130பி தூண்டுவதை ஹாங்காங் ஆய்வாளர்கள் 2010இல் நிறுவினர்.

இம்முடிவுகள் வலுவானவை. எனினும் இவை அனைத்தும் ஒரு முன்னனுமானத்தின் மேல் நிற்கின்றன. எப்கேம் அல்லது சிடி133 கொண்ட அணுவே குருத்தணு என்பது அந்த அனுமானம்.

அடையாளப் புரதங்களின் எல்லை

இவ்விரு புரதங்களும் புற்றுக்கே உரியவை அல்ல. இயல்பான கல்லீரலின் முன்னோடி அணுக்களிலும் பித்தநாள அணுக்களிலும் இவை உள்ளன. ஓர் அணுவைக் குருத்தணு என ஏற்பதற்கான இறுதிச் சோதனை, அது எதிர்ப்புத் திறன் குன்றிய எலியில் புதிய கட்டியைத் தோற்றுவிக்கிறதா என்பதாகும். ஜான் டிக் குழுவினர் 1994இல் இரத்தப் புற்றில் கையாண்ட இம்முறை பின்னர்த் திண்மக் கட்டிகளுக்கும் விரிந்தது. ஆயின் 2008இல் தோல் மெலனோமா குறித்து வெளிவந்த ஆய்வு இதன் அடித்தளத்தையே வினவியது. எதிர்ப்புத் திறன் மேலும் குன்றிய எலிகளைப் பயன்படுத்தியபோது, ஏறத்தாழ நான்கில் ஓர் அணு தனித்துக் கட்டியை உருவாக்கியது. இலட்சத்தில் ஒன்று, பத்து இலட்சத்தில் ஒன்று எனக் கருதப்பட்ட அரிய அணு, எலியை மாற்றியதும் மலிந்த அணுவாயிற்று. ஆகவே 'அரிய குருத்தணு' என்பதில் அணுவின் பண்பு எவ்வளவு, சோதனையின் பண்பு எவ்வளவு எனப் பிரித்தறிவது கடமையாகிறது.

சொல் தரும் உருவகமும் அதன் பிழையும்

தமிழில் இக்கருத்துக்குத் தண்டு செல், மூல உயிரணு, குருத்தணு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் குருத்தணு செறிவும் எளிமையும் உடையது. எனினும் அது ஓர் உருவகத்தையும் உடன் கொணர்கிறது. திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரின் பெயரில் உள்ள 'பாசு' மூங்கிலைக் குறிக்கும்; மூங்கில் காட்டிடையே இறைவன் வெளிப்பட்டதாக அத்தலபுராணம் கூறும். மூங்கிலின் இயல்பை அறிந்தவர்க்குக் குருத்தணுக் கோட்பாடு எளிதில் விளங்கும். மேலே எத்தனை கழிகளை வெட்டினாலும் மட்டநிலத்தண்டு எஞ்சியிருப்பின் புதுக் குருத்து எழும். அவ்வாறே மருந்து பெரும்பாலான புற்றணுக்களை அழித்தாலும் குருத்தணு எஞ்சின் நோய் மீளும் என்பது கோட்பாடு.

உருவகம் பிழைபடும் இடமும் இதுவே. வெட்டி வீழ்த்திய மூங்கிற்கழி தானே நிலத்தண்டாக மாறுவதில்லை. புற்றணுவோ மாறக்கூடியது. மார்பகப் புற்றணுக்களை வகை பிரித்துத் தனித்தனியே வளர்த்தபோது, குருத்து இயல்பற்றவற்றிலிருந்தும் குருத்து இயல்புடையவை தோன்றுவதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்லீரலில், டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதம் மிர்-181பி அளவை உயர்த்துவது 2010இல் அறியப்பட்டது. நாட்பட்ட அழற்சியும் நார்த்திசுவும் மலிந்த கல்லீரலில் மிகும் புரதம் இது. அதாவது, குருத்து இயல்பைப் பேணும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சூழலே தூண்டுகிறது. சூழல் மாறாதவரை, இன்று அழிக்கப்பட்ட குருத்தணுவின் இடத்தை நாளை வேறோர் அணு நிரப்பக்கூடும்.

ஆய்வகத்திலிருந்து நோயாளிக்கு

சொல் குறித்த இவ்வினா வெறும் மொழிச்சிக்கல் அன்று. குருத்தணு ஒரு வகை எனில், அதைக் குறிவைத்து அழித்தால் நோய் தீரும் என்னும் முடிவு எளிதாகிறது. அந்நம்பிக்கையோடு சோதிக்கப்பட்டவற்றுள் முன்னோடியானது எம்ஆர்எக்ஸ்34. புற்றை ஒடுக்கும் மிர்-34ஏ மூலக்கூறின் செயற்கை வடிவத்தைக் கொழுப்பு உறையிலிட்டு, கல்லீரல் புற்று உள்ளிட்ட முற்றிய திண்மக் கட்டிகள் உடையோர்க்கு 2013 முதல் செலுத்தினர். சிலரிடம் கட்டி சுருங்கியது. ஆயினும் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த கடும் பாதிப்புகளால் 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது. பங்கேற்ற 85 பேரில் நால்வர் அப்பாதிப்புகளால் உயிரிழந்தனர். பாதிப்பின் காரணம் மூலக்கூறா, உறையா, அளவா என்பதே முதன்மை வினாவாயிற்று. எலியில் கண்ட பயன் மனித உடலின் எதிர்வினையை முன்னறிவிக்கவில்லை.

மிர்-122 மற்றொரு முரணைக் காட்டுகிறது. புற்றை ஒடுக்கும் அதே மூலக்கூறு, ஹெபடைடிஸ்-சி வைரசு பெருகுவதற்குத் தேவையானது. அவ்வைரசோ கல்லீரல் புற்றுக்கு ஒரு முதன்மைக் காரணி. இம்மூலக்கூறை மிகுத்தல் நன்றா, குறைத்தல் நன்றா என்பதற்கு நோயாளியின் நிலை அறியாமல் விடை கூறவியலாது.

ஒற்றை முடிவைக் கொண்டு எதிர்பார்ப்பை எழுப்புவதன் இடரைத் தமிழ்நாடு முன்பே கண்டுள்ளது. கல்லீரல் புற்றின் மற்றொரு முதன்மைக் காரணியான ஹெபடைடிஸ்-பி வைரசைத் தாங்கியோர்க்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துச் சென்னையில் தியாகராஜன் குழுவினர் நடத்திய ஆய்வு, 1988இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. வைரசைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாருக் பிளம்பர்க் அதன் இணையாசிரியர். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரிடமும், பெறாத 23 பேரில் ஒருவரிடமும் வைரசின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் இவ்விளைவு கிட்டவில்லை. சென்னை ஆய்வின் மதிப்பு இதனால் அழிவதில்லை. ஒரு முடிவு மற்றோரிடத்தில், மற்றோர் ஆய்வாளர் கையில் மீண்டும் கிடைக்கும்வரை அது வினாவாகவே நிற்கும் என்பது அறியத்தக்கது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

முடிவுரை

கல்லீரல் புற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் பங்கு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. 'குருத்தணு' என்னும் தனிவகை உண்டு என்பதற்கு அத்தகைய உறுதி இல்லை. ஆகவே தமிழில் எழுதுவோர் 'புற்றுக் குருத்தணு' என்னுமிடத்தில் 'குருத்துத்தன்மை பெற்ற புற்றணு' என வழங்குதல் தகும். சொல் சற்று நீளும். ஆயினும் பெற்ற தன்மை இழக்கவும் மீளப் பெறவும் கூடியது என்பதை அது உடனுணர்த்தும். எந்த அடையாளப் புரதத்தால், எந்த எலியில், எத்தனை அணுக்களைக் கொண்டு அத்தன்மை அளக்கப்பட்டது என்பதையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும். இவ்வளவும் கூறப்பட்ட பின்னரே, ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நோயாளிக்கு உதவுமா என்னும் வினாவைப் பொறுப்புடன் எழுப்ப இயலும்.