ஓட முடியாத அந்த ஒரு ரன்

டெஸ்ட் ஆட்டம் நடக்கும் ஐந்து நாளும் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்போ யார் கை ஓங்கியிருக்கு?" டீக்கடையில் கேட்பார்கள், ஆபீஸ் கேன்டீனில் கேட்பார்கள், கேலரியில் முன்பின் தெரியாத பக்கத்து ஸீட்காரரிடமும் கேட்பார்கள். இப்போது தொலைக்காட்சியே பதில் சொல்லிவிடுகிறது. திரையின் ஓரத்தில் இந்த அணிக்கு இத்தனை சதவீதம், அந்த அணிக்கு இத்தனை, டிராவுக்கு இத்தனை என்று மூன்று எண்கள் வந்து நிற்கின்றன. விக்கெட் விழுந்தால் எண் சரிகிறது, பவுண்டரி போனால் ஏறுகிறது. அதைப் படித்துச் சொல்லிவிட்டு விவாதத்தை முடித்துக்கொள்ளும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பழைய ஸ்கோர்கார்டுகள் எல்லாம் தெரியும். களத்தில் நிற்கும் மனிதனின் முதுகு பிடித்துக்கொண்டிருப்பது தெரியாது.

சேப்பாக்கம் ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாலே போதும்.

பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட வந்து 12 வருடம் ஆகியிருந்தது. டெல்லியில் பிட்ச்சைச் சிலர் சேதப்படுத்தியதால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. பாகிஸ்தான் 238, இந்தியா 254. இரண்டாவது இன்னிங்ஸில் அப்ரிடி 141 எடுத்து ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போனார். தன் இரண்டாவது டெஸ்ட்டைத்தான் அவர் ஆடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு வெங்கடேஷ் பிரசாத் வந்தார். கடைசி ஆறு விக்கெட் 11 ரன்னுக்குள் போய், பாகிஸ்தான் 286க்கு ஆல் அவுட். பிரசாத்துக்கு 33 ரன்னுக்கு 6 விக்கெட். நமக்கு இலக்கு 271. மூன்றாம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 40, சச்சின் களத்தில் இருந்தார்.

நான்காம் நாள் காலை கேலரியில் நடந்த விவாதம் நம்பிக்கையும் பயமும் கலந்தது. "231தானே சார், முழுசா ரெண்டு நாள் இருக்கு" என்றது ஒரு கட்சி. "நாலாவது இன்னிங்ஸ், சேப்பாக்கம், சக்லைன். எவ்ளோ நேரம் இருந்தா என்ன?" என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் கணக்குதான் முதலில் பலித்தது. லெக் ஸ்டம்ப் பக்கம் வந்து ஆஃப் ஸ்டம்ப்பைத் தொட்டுப் போன வாசிம் அக்ரமின் பந்தில் திராவிட் போனார். அசாருதீன் எல்பிடபிள்யூ. கங்குலியின் கேட்ச் தரையில் பட்டு எழும்பியதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். 82க்கு 5.

சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து எடுத்த 136 ரன்னை ஒரு பந்து விடாமல் நினைவு வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். முதலில் கட்டை போட்டார்கள். கேலரி அதற்கும் கைதட்டியது. பந்தை ஆடாமல் விட்டதற்குக் கைதட்டும் கூட்டம் உலகத்தில் சில மைதானங்களில்தான் உண்டு. பிறகு மெல்ல மெல்ல ரன் வந்தது. விவாதத்தின் தொனியும் மாறியது. "ஜெயிப்போமா?" என்று யாரும் கேட்கவில்லை. "மோங்கியா போனா அடுத்து யாரு?" என்பதுதான் கேள்வி. ஆட்டத்தின் நிலையைச் சரியாகப் படித்த கேள்வி அதுதான். 218ல் மோங்கியா வாசிமைத் தூக்கி அடிக்கப் போய், பந்து உயரே எழும்பி வக்கார் கையில் விழுந்தது. இன்னும் 53 ரன்.

அடுத்து வரவேண்டியவர்கள் சுனில் ஜோஷி, கும்ப்ளே, ஸ்ரீநாத், பிரசாத். காகிதத்தில் பார்த்தால் பயப்பட வேண்டிய வால் இல்லை. கும்ப்ளே 1996ல் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 88 எடுத்தவர். ஸ்ரீநாத் அதே ஜனவரி மாதத் தொடக்கத்தில்தான் ஹாமில்டனில் நியூசிலாந்தை எதிர்த்து 76 அடித்திருந்தார். ஜோஷி கர்நாடகாவுக்கு ஆல்ரவுண்டராகவே ஆடியவர். "ஸ்ரீநாத் ஆடுவாண்டா, கவலைப்படாத" என்று சொன்னவர்கள் விவரம் தெரியாமல் சொல்லவில்லை.

ஆனால் ஹாமில்டனில் சக்லைன் முஷ்டாக் இல்லை. அவர் கையை விட்டு வரும் பந்து வலது கை ஆட்டக்காரருக்கு உள்ளே திரும்பும். அதே ஓட்டம், அதே கை வீச்சு, அதே வேகத்தில் இன்னொரு பந்து வெளியே போகும். அதுதான் தூஸ்ரா. பந்து விரல்களை விட்டுக் கிளம்பும் நொடியில் மணிக்கட்டின் எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே தவறவிட்டால், பிட்ச் ஆன பிறகு பார்த்துச் சமாளிக்கப் பெரிய ஆட்டக்காரனுக்குத்தான் நேரம் இருக்கும். முதல் இன்னிங்ஸில் சச்சினே மூன்றாவது பந்தில் இறங்கி அடிக்கப் போய் பூஜ்யத்தில் அவுட் ஆனார். எனவே அன்று மாலை கேட்க வேண்டியிருந்தது, வாலுக்கு பேட்டிங் தெரியுமா என்பதல்ல. அந்தக் கையைப் படிக்கத் தெரியுமா என்பதுதான். ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு முதுகு போய்விட்டிருந்தது.

இங்கேதான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நடக்கும் அந்த வாதத்துக்கு வருகிறோம். 254ல், வெற்றிக்கு இன்னும் 17 ரன் இருந்தபோது சக்லைனை மறுபடியும் தூக்கி அடிக்கப் போனார் சச்சின். பந்து மிட் ஆஃப் பக்கம் உயர்ந்தது, வாசிம் பிடித்தார். 273 பந்தில் 136. மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து நான்கு ரன் எடுத்தார்கள். 258 ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. சக்லைனுக்கு அந்த இன்னிங்ஸிலும் 5 விக்கெட்.

"அந்த ஷாட் தேவையா? இன்னும் அஞ்சு ஓவர் நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்" என்பது ஒரு தரப்பு. "வாலை நம்ப முடியாதுன்னு தெரிஞ்சுதான் அடிச்சார்" என்பது மறு தரப்பு. இரண்டு தரப்புமே அதைப் பொறுமையா அவசரமா என்ற கேள்வியாகப் பார்க்கிறது. என் கருத்தில் அது அந்தக் கேள்வியே அல்ல. கேள்வி, சிங்கிள் ஓட முடியுமா என்பது.

வாலோடு ஆடும் ஆட்டக்காரனுக்கு ஆயுதம் பவுண்டரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையான ஆயுதம் ஓவரின் ஐந்தாவது அல்லது ஆறாவது பந்தில் எடுக்கும் ஒரு ரன். ஸ்ட்ரைக்கைக் கையில் வைத்துக்கொள்வது என்றால் அதுதான். முதல் நான்கு பந்தில் வரும் சிங்கிளை வேண்டாம் என்று விட வேண்டும். கடைசியில் வரும் சிங்கிளை எப்படியாவது ஓடி எடுக்க வேண்டும். ஃபீல்டர்கள் உள்ளே வந்து நெருக்கி நிற்கும்போது அந்த ஒரு ரன்னுக்குத் தலைதெறிக்க ஓட வேண்டியிருக்கும், சில சமயம் பாய்ந்து விழ வேண்டியிருக்கும். அன்று சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதை மைதானத்தில் எல்லோரும் பார்த்தோம். வலி எவ்வளவு கடுமை என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஓட முடியாதவனுக்கு ஸ்ட்ரைக்கைக் காப்பாற்றும் வழி அடைபட்டுப்போகிறது. மிஞ்சுவது எல்லைக் கோட்டுக்கு மேல் அடிப்பது மட்டும்தான். மோங்கியா போன பிறகு ஜோஷியோடு சேர்ந்து வந்த 36 ரன்னில் பெரும்பகுதி அவர் அப்படி அடித்ததுதான். அந்த வழி 36 ரன்னுக்குக் கை கொடுத்தது, 37வதுக்குக் கைவிட்டது. அதை அவசரம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இதற்கு எதிர்ச்சாட்சியாகச் சிலர் 2019 டர்பன் டெஸ்ட்டைக் கொண்டுவருவார்கள். நல்ல சாட்சிதான், ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. இலங்கைக்கு இலக்கு 304. 226ல் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. குசல் பெரேராவும் கடைசி ஆட்டக்காரர் விஷ்வா ஃபெர்னாண்டோவும் 78 ரன் சேர்த்து ஒரு விக்கெட்டில் ஜெயித்தார்கள். பெரேரா ஆட்டமிழக்காமல் 153. விஷ்வா 27 பந்து ஆடி 6 ரன். ஸ்டெய்ன், ரபாடா ஓவர்களில் விஷ்வா எத்தனை பந்தைச் சந்திக்க வேண்டும் என்பதை ஓவருக்கு ஓவர் பெரேராதான் முடிவு செய்தார். சிக்ஸர்களை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் ஓவரின் கடைசி இரண்டு பந்துகளை மட்டும் பாருங்கள். கால் நன்றாக இருந்த மனிதன் ஓடிய ஓட்டம் அது.

சிங்கிளைப் பற்றிய இன்னொரு பழைய வழக்கும் சேப்பாக்கத்தில்தான் இருக்கிறது. 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியாவோடு டையில் முடிந்த டெஸ்ட். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த ஆட்டம். கடைசி நாள் இலக்கு 348. கவாஸ்கர் 90. 6 விக்கெட்டுக்கு 331 என்று இருந்தது 344க்கு 9 ஆயிற்று. கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் வேண்டியது 4 ரன். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், அடுத்த பந்தில் ஒரு ரன் எடுத்தார். ஸ்கோர் சமம். மிச்சம் மூன்று பந்து, எதிரே மனிந்தர் சிங். ஐந்தாவது பந்தில் எல்பிடபிள்யூ. பந்து மட்டையில் பட்டதா என்பது தனி வழக்கு, அதற்குள் போகவில்லை.

"சாஸ்திரி அந்தச் சிங்கிளை எடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லும் பெரியவர்களை இன்றும் வாலாஜா சாலைப் பக்கம் பார்க்கலாம். எனக்கு அந்த சிங்கிள் சரியென்றே படுகிறது. அந்த ஒரு ரன் வந்த நொடியில் தோல்வி என்ற முடிவே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டது. சாஸ்திரி 47ல் நின்று தூக்கி அடித்து அவுட் ஆகியிருந்தால் ஒரு ரன்னில் தோல்வி. அப்போது அதே பெரியவர்கள் "ஒரு சிங்கிள் தட்டியிருக்கலாமே" என்றிருப்பார்கள். சாஸ்திரியால் ஓட முடிந்தது. அதனால் அவருக்கு ஒரு தேர்வு இருந்தது. சரியோ தவறோ, தேர்ந்தெடுத்தார். 1999ல் சச்சினுக்கு அந்தத் தேர்வே இல்லை.

2021ல் இதே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அஸ்வின் சதம் அடித்ததும் கடைசி விக்கெட்டோடுதான். சிராஜ் துணை நின்றார், இருவரும் 49 ரன் சேர்த்தார்கள். அஸ்வினின் சதத்துக்குச் சிராஜ் அஸ்வினை விடவும் அதிகமாகத் துள்ளிக் குதித்ததை மறக்க முடியாது. ஆனால் அன்று இந்தியா ஏற்கெனவே எட்டாத உயரத்தில் இருந்தது. வாலுக்கு நெருக்கடி இல்லாதபோது வால் ஆடும். அதை வைத்து 1999ஐ அளக்க முடியாது.

அளக்க வேண்டுமானால் 2008 டிசம்பரை எடுக்கலாம். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்த இங்கிலாந்து அணியைச் சென்னை மரியாதையோடு வரவேற்றது. ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். 311க்கு 9 என்று டிக்ளேர் செய்த பீட்டர்சன் நமக்கு வைத்த இலக்கு 387. நான்காம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83 அடித்தார். ஆட்டம் முடியும்போது ஒரு விக்கெட்டுக்கு 131. அன்றிரவு நகரம் முழுக்க ஒரே விவாதம்: டிராவுக்கு ஆடுவதா, ஜெயிக்க ஆடுவதா. சேவாக் அந்தக் கேள்விக்கு அடித்தே பதில் சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம். மறுநாள் 256 ரன் என்பது ஓடி ஓடியே எடுக்கக்கூடிய எண்.

மறுநாள் லக்ஷ்மண் போனபோது 224க்கு 4. இன்னும் 163. சச்சினோடு சேர்ந்தவர் யுவராஜ் சிங். கங்குலி ஓய்வு பெற்றதால் காலியான இடத்துக்கு வந்தவர், சுழலுக்கு எதிராகத் தடுமாறுவார் என்ற பெயர் வேறு. "பனேசர் ரெண்டே ஓவர்ல எடுத்துடுவான்" என்று கேலரியில் பலர் கையை விரித்தார்கள். யுவராஜ் 85, சச்சின் 103, இருவரும் நாட் அவுட். சச்சின் ஸ்வானைக் காலுக்குப் பின்னால் மெல்லத் தட்டிவிட்ட பவுண்டரியில் சதமும் வெற்றியும் ஒன்றாக வந்தன.

1999க்கு 2008 பரிகாரம் என்று அன்று எல்லோரும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். உணர்ச்சிக்கு அது சரி, நானும் அன்று கண்கலங்கியவன்தான். ஆட்டக் கணக்குக்கு அது சரியில்லை. 2008ல் அடுத்து பேட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தோனி. ஸ்வானுக்கு அது முதல் டெஸ்ட், அவரிடம் தூஸ்ரா இல்லை. சச்சினுக்கு முதுகு இருந்தது, ஒன்றை இரண்டாக்கி ஓடினார். நான்கு விக்கெட் போயும் வால் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. "அன்னிக்கு நின்ன மாதிரி 99லயும் நின்னிருக்கலாமே" என்று யாராவது கேட்டால், இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி அவரோடு இன்னும் ஒரு மணி நேரம் வாதாட நான் தயார்.