தொகையும் குவியலும்

சென்ற தை மாதத்தில், கண்டி நகரில் பேராதனை வீதியை ஒட்டிய மண்டபமொன்றில் நிகழ்ந்த ஒரு விவாகத்துக்குச் சென்றிருந்தேன். சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் பன்னீர்ச் செம்பும் இருந்த வாசல் மேசையிலேயே, கறுப்புக் கட்டங்கள் நெருங்கிய சதுரமொன்றைத் தாங்கிய சிறு அட்டையும் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதனைக் கைத்தொலைபேசியால் நோக்கினால், விருந்தினர் தாம் எடுத்த படங்களையும் காணொளிகளையும் மணவீட்டாரின் பொதுச் சேமிப்பில் இட்டுவிடலாம். 2022 ஆம் ஆண்டில் பெற்றோல் வரிசைகளில் நின்று கியூ.ஆர். பழகிக்கொண்ட நம் நாட்டவருக்கு அதன் உபயோகத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பந்தியில் என்னருகே அமர்ந்த ஆசிரிய நண்பர் இம்முறையைப் பெரிதும் சிலாகித்தார். “இதுவரை கலியாண ஆல்பம் என்பது கெமராக்காரர் ஒருவர் கண்டது, இனி அது சபையெல்லாம் கண்டது. ஞாபகத்திலும் ஜனநாயகம் வந்துவிட்டது” என்றார். அந்த வாதம் பிழையானது என்பது என் அபிப்பிராயம்.

அவர் சொன்னதில் உண்மை அறவே இல்லையென்று நான் கூறவில்லை. மேடைக்கு வரக் கூசிப் பின்வரிசையிலேயே இருந்துவிட்டுப் போகும் ஏழை உறவினரும், சமையற்கட்டில் விடியவிடிய நின்றவரும் கூலிக்கு வந்த கெமராவில் விழுவது அபூர்வம். விருந்தினரின் கைகள் அவர்களையும் எட்டுகின்றன. டொரொன்டோவிலும் திருச்சியிலும் உள்ள சுற்றத்தார் அன்றிரவே கண்டு மகிழ்கின்றனர். மேலும், 1983 ஜூலையில் வீட்டோடு ஆல்பமும் எரியக் கண்டவர்களும், 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த மண்சரிவில் யாவும் இழந்தவர்களும் வாழும் மாவட்டம் இது. படங்களுக்கு வீட்டுக்கு வெளியேயும் ஓரிடம் இருப்பது நன்றே.

ஆயினும் ‘தொகுக்கிறோம்’ என்று இவர்கள் சொல்லும்போதுதான் என் ஆட்சேபம் தொடங்குகிறது. தமிழில் தொகை என்ற சொல்லுக்கு ஒரு கௌரவம் உண்டு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் பெயர் சுட்டிச் சொல்லும் மரபு நம்முடையது. நான்கடி முதல் எட்டடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு என்று ஓர் அளவுகோல் கொண்டு, கைக்கு எட்டியவற்றுள் இது வேண்டும், இது வேண்டாம் என்று துணிந்த ஒருவரின் தீர்ப்பே தொகையாகிறது. அத்துணிவு இல்லாதவிடத்து நிகழ்வது குவித்தலேயாகும். புறநானூற்றிலோ ஒவ்வொரு பாட்டின் கீழும், இன்னாரை இன்னார் இன்ன சந்தர்ப்பத்தில் பாடியது என்ற சிறு குறிப்பையும் முன்னோர் எழுதி வைத்தனர். உ. வே. சாமிநாதையர் 1894 இல் அந்நூலைப் பதிப்பித்தபோது, அக்குறிப்புகள் பிழைத்திருந்த பாடல்களில் அரசரும் புலவரும் பெயரோடு எழுந்து வந்தனர். அவை சிதைந்த பாடல்களில் பாடினார் யார், பாடப்பட்டார் யார் என்பதே தெரியாமற் போயிற்று. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1994 இல், ஜப்பானில் டென்சோ நிறுவனத்தார் இந்தச் சதுரத்தை உருவாக்கினர். மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைத் தவறின்றி எண்ணிக் கணக்கு வைப்பதற்காக அது பிறந்தது. எண்ணும் காரியத்தை இன்றும் அது செவ்வனே செய்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் மலையக மக்களை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்ட பின்னர், என் பாட்டனாரின் தம்பி குடும்பம் தலைமன்னாருக்கு ரயிலேற நேர்ந்தது. அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே மலையகத்தார் அழைத்தனர். புறப்படுவதற்கு முன், கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் இரு குடும்பங்களும் சேர்ந்து நின்று ஒரே ஒரு படம் எடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டன. இரண்டு பிரதிகளின் பின்புறத்திலும் பாட்டனார் பென்சிலால், இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும், யாருக்கு யார் என்ன முறை என்பதையும், தோட்டத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்குப் பின் கோத்தகிரியிலிருந்து வந்த ஓர் இளைஞன் தன் பிரதியை எங்கள் பிரதியோடு வைத்துப் பார்த்து, என் தாயாரை ‘அத்தை’ என்று அழைத்தான். முன்பக்கத்து முகங்கள் ஒன்றும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தப் பென்சில் எழுத்துத்தான் உறவைச் சொன்னது.

மணவீட்டார் அன்புகூர்ந்து எனக்கும் திறந்துவிட்ட அந்தப் பொதுச் சேமிப்பில் நான் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். தாலி கட்டும் அந்த ஒரு கணம், முன்னிருந்தவர் தலைகளோடும் கைகளோடும், நாற்பது தடவைக்குக் குறையாமல் திரும்பத் திரும்ப வந்தது. வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த படங்கள் எடுக்கப்பட்ட நேரக்குறிப்பை இழந்துவிடுவதால், முகூர்த்தத்துக்கு முன்னே பந்தியும், பந்திக்குப் பின்னே பெண் அழைப்பும் வந்தன. ஒரு படத்தில், வெற்றிலைத் தட்டோடு தூணருகே அமர்ந்து, மணமகளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முதியவளைக் கண்டேன். அன்று எடுக்கப்பட்டவற்றுள் ஆகச் சிறந்த படம் அதுவே என்பேன். யாரென்று மணமகளின் தந்தையிடம் கேட்டேன். மனைவி பக்கத்து உறவாக இருக்கலாம் என்றார். படத்தை அனுப்பியவர் பெயரும் அங்கில்லை.

முகத்தை இனங்கண்டு பிரித்துத் தரும் யந்திரங்கள் வந்துவிட்டனவே என்று நண்பர் பின்னர் சமாதானம் சொன்னார். அவை ஒரே முகம் நூறு படங்களில் இருப்பதைக் காட்டும். அந்த முகத்துக்குரியவள் மணமகளைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவளா, பத்தாண்டு மனத்தாங்கலை அன்றுதான் மறந்து வந்தவளா என்பதை எந்த யந்திரமும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லக்கூடிய மனிதர் குடும்பத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பர். ஆல்பம் இருந்த காலத்தில் அவர்களுக்கு வேலை இருந்தது: நெகடிவ்களை வெளிச்சத்தில் பிடித்து, இத்தனைதான் கழுவக் கட்டுப்படியாகும் என்று கணக்கிட்டு, எவரை விட்டால் எவர் கோபிப்பார் என்று வாதாடி, ஒட்டி முடித்த பின் வீட்டுக்கு வருவோரையெல்லாம் அருகிருத்திப் பக்கம் பக்கமாகச் சொல்லிக் காட்டுவர். அந்தப் பணச் சிக்கனமும் சண்டையும் கதையும் சேர்ந்ததே தொகுத்தல். இன்று அட்டையை வைத்ததோடு கடமை முடிந்ததென்று கருதுகின்றனர். ஜனநாயகம் என்று நண்பர் போற்றிய அந்தச் சபையில் எல்லாரும் வாக்களித்துவிட்டனர். எண்ணிப் பார்த்து முடிவு சொல்ல மட்டும் ஒருவருமில்லை. பிறர் தந்ததைப் பாராமலே வைத்திருப்பது, மொய்ப்பணத்தை உறை பிரிக்காமல் மூலையில் போட்டுவைப்பதைப் போன்ற அவமரியாதை என்றுகூட நான் சொல்வேன்.

சென்ற வாரம் மணமகளின் தந்தையை மறுபடி சந்தித்தபோது, படங்களைப் பார்த்தாயிற்றா என்று விசாரித்தேன். “எங்கே நேரம்? எல்லாம் பத்திரமாக இருக்கிறது” என்றார். அவருடைய மாமியார் அம்பிட்டியவில் இருக்கிறார். எண்பது வயது கடந்தவர். இரு பக்கத்து உறவினரையும் முகம் பார்த்தே முறை சொல்லக்கூடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அருகிருத்தி, நூறு படங்களைத் தேர்ந்து, அவர் சொல்வதைப் பேத்தி எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டுக்கொண்டேன். செய்யலாம் என்றார். அந்தச் சேமிப்புக்கு அவர் ஆறு மாதத்துக்குத்தான் பணம் கட்டியிருக்கிறார். அதில் நான்கு மாதம் கழிந்துவிட்டது.