சிறப்புப் பள்ளியில் ஓர் ஏ-லெவல் தாள்: மார்க் ஹேடனின் நாவலை முன்வைத்து



கற்றல் வேறுபாடு உள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு நாவல் சொல்லுங்க என்று கேட்டால், ஆங்கிலம் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் நீட்டுவது மார்க் ஹேடனின் 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' நாவலைத்தான். 2003இல் வெளிவந்து அவ்வாண்டின் விட்பிரெட் பரிசைப் பெற்றது. இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் வாழும் 15 வயது கிறிஸ்டபர், எதிர்வீட்டு நாயைக் கொன்றது யார் என்று துப்பறிகிறான். துப்பறிந்ததையே புத்தகமாகவும் எழுதுகிறான். அத்தியாயங்களுக்கு 1, 2, 3 என்று எண் கிடையாது. 2, 3, 5, 7 என்று பகா எண்கள்தான். அவனுக்குப் பிடித்தவை அவை.

நாயைப் பற்றியும் அவன் குடும்பத்தைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அவனுடைய பள்ளியைப் பார்க்கச் சொல்கிறேன். கிறிஸ்டபர் படிப்பது ஒரு சிறப்புப் பள்ளியில். அங்கே ஷிவோன் என்றொரு ஆசிரியை. நாவலில் அவர் நேரில் வரும் இடங்கள் குறைவு. ஆனால் 'ஷிவோன் சொன்னார்' என்பது பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும்.

அவர் என்னதான் சொல்கிறார்? இங்கே கொஞ்சம் நிற்போம். பெரியவர்கள் 'அமைதியாக இரு' என்கிறார்கள், எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. இது கிறிஸ்டபரின் குறை. ஷிவோன் அப்படிப் பேசுவதில்லை. உடன் படிக்கும் ஒரு பெண் உன்னை அடித்தாலும் நீ திருப்பி அடிக்கக் கூடாது. விலகிப் போய் நின்று ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணு. பிறகு என்னிடமோ வேறோர் ஆசிரியரிடமோ வந்து சொல். இவ்வளவும் ஒரே அறிவுரையில் வந்துவிடுகிறது. எதைச் செய்யக்கூடாது, பதிலுக்கு எதைச் செய்வது, எவ்வளவு நேரம், யாரிடம் சொல்வது, எல்லாம் இருக்கிறது. நாம் வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ஒழுங்கா இருடா' என்கிறோம்? அந்த 'ஒழுங்கு' என்பதற்கு என்ன பொருள் என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? நான் சொன்னதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து, நாவலின் முக்கியமான சண்டை. கிறிஸ்டபர் கணிதத்தில் கெட்டிக்காரன். ஏ-லெவல் கணிதத் தேர்வு எழுத ஆசைப்படுகிறான். பொதுவாக 18 வயதில் எழுதுவது அது, நம் எஸ்டிபிஎம் போல. தலைமையாசிரியை மறுக்கிறார். இந்தப் பள்ளியில் இதுவரை யாரும் எழுதியதில்லை. இவனுக்கு மட்டும் தனியாகச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள், அது முன்னுதாரணம் ஆகிவிடும். பிறகு 18 வயதில் எழுதிக்கொள்ளலாமே. கண்காணிக்கவும் ஆள் இல்லை. அப்பா விடுவதாயில்லை. கெட்ட வார்த்தையும் கலந்து வருகிறது. பையனுக்கு உண்மையிலேயே நன்றாக வருவது இது ஒன்றுதான் என்கிறார். கண்காணிக்க ஆள் வைக்க 50 பவுண்டு நானே தருகிறேன் என்கிறார். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை சம்மதிக்கிறார்.

அவர் சொன்ன காரணத்தை இன்னொரு முறை பாருங்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்த முடியாது என்பதனால்தான் சிறப்புப் பள்ளி என்ற ஒன்றே இருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளியின் தலைவர், ஒருவனை வேறு மாதிரி நடத்த முடியாது என்கிறார்! ஹேடன் இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. கிறிஸ்டபர் கேட்டதைக் கேட்டபடி பதிவு செய்கிறான், அவ்வளவுதான். தலைமையாசிரியை கெட்டவராகவும் காட்டப்படவில்லை. நாமும் ஆசிரியர் அறையில் பேசுகிற பேச்சுத்தானே அது? இங்கேயும் சிங்கப்பூரிலும் கற்றல் சிக்கல் உள்ள மாணவருக்குக் கூடுதல் நேரம் போன்ற தேர்வுச் சலுகை கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பாரத்தை நேரத்தோடு நிரப்ப ஓர் ஆசிரியர் உட்கார வேண்டும், அதுதான் பிரச்சினை. 'ஒருத்தனுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க' என்ற குரலை அந்த மேசையிலும் கேட்கலாம்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அப்பாவை 'தியாகத் தந்தை' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடாதீர்கள். இதே மனிதர் வேறிடத்தில் மகனுக்குப் பெரிய துரோகம் செய்கிறார். எதுவென்று சொல்லமாட்டேன், படித்துப் பாருங்கள். இன்னொன்று. கிறிஸ்டபருக்கு இன்ன குறைபாடு என்று நாவலின் உள்ளே ஓரிடத்திலும் பெயர் இல்லை. பாத்திரப் படைப்பு பற்றி எழுதும்போது ஒரு மருத்துவச் சொல்லை ஒட்டிவிட்டு நகராமல், அவன் செய்வதையும் சொல்வதையும் சான்றாகக் காட்டுங்கள்.

லண்டன்வரை தனியாக ரயிலில் போய், தேர்வே இல்லை என்றாகி, கடைசி நேரத்தில் திரும்ப வாய்ப்புக் கிடைத்து உட்காருகிறான் கிறிஸ்டபர். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. தாளைத் திருப்பினால் ஒரு கேள்வியும் புரியவில்லை. யாரையாவது அடிக்கலாம் போல இருக்கிறது. அப்போது மூச்சை இழுத்து விட்டு எண்ணத் தொடங்குகிறான். யாரையாவது அடிக்கத் தோன்றினால் செய்யச் சொல்லி ஷிவோன் பழக்கியது அது. கூடவே எண்களின் முப்படிகளை மனத்துக்குள் போடுகிறான். பிறகு எழுத முடிகிறது. வகுப்பறைச் சச்சரவுக்காகக் கற்றுக்கொடுத்தது தேர்வு அறையில் கைகொடுக்கிறது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அவனுக்கு ஏ கிடைத்ததைவிட இது பெரிதாகப் படுகிறது.

ஏ கிடைத்ததில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல்.

அந்தப் பள்ளியில் கிறிஸ்டபர் மட்டுமா படிக்கிறான்? வியாழக்கிழமைகளில் ஸ்டீவ் என்று ஒருவன் வருகிறான். சாப்பிடக்கூட அவனுக்கு உதவி வேண்டும். அவனைவிட நாய் கெட்டிக்காரத்தனம் உள்ளது என்பது போல் எழுதுகிறான் கிறிஸ்டபர். இதை ஸ்டீவின் அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று ஷிவோன் கேட்டுக்கொண்டாராம். வாசகர் சிரிக்கிறோம். மற்றப் பிள்ளைகளை முட்டாள்கள் என்கிறான், அப்படிச் சொல்லக்கூடாது என்பது தெரிந்தே சொல்கிறான். பாத்திரம் அப்படித்தான் பேசும், அதில் பிழை இல்லை. ஆனால் கதையும் அவன் கண்ணைத் தாண்டிப் போகவில்லை. ஸ்டீவுக்காகத் தலைமையாசிரியையிடம் சண்டைக்குப் போக யாரும் வருவதில்லை. அவன் ஒரு நகைச்சுவைக்கு வந்து போகிறான்.

இதனால் வந்த வினை, இப்படிப்பட்ட பிள்ளை என்றாலே உள்ளே ஏதோ ஒரு அபாரத் திறமை ஒளிந்திருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். சிறப்புக் கல்வி வகுப்புக்கு வருகிற பெற்றோரிடம் 'அவனுக்கு என்ன நல்லா வரும்? ஓவியமா, கணக்கா?' என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பாகத்தான் கேட்கிறார்கள். கொடுக்கக் கையில் பதில் இல்லாத அம்மாவின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஹேடனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சைமன் ஸ்டீவன்ஸ் இந்நாவலை நாடகமாக்கினார். 2012இல் லண்டனின் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. அங்கே ஒரு மாற்றம். நாவலின் முடிவில் கிறிஸ்டபர் தான் செய்து முடித்ததையெல்லாம் அடுக்கி, ஆகவே தன்னால் எதையும் செய்ய முடியும் என்று உறுதியாகச் சொல்கிறான். நாடகத்தில் அதையே ஷிவோனிடம் கேள்வியாகக் கேட்கிறான். திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவர் அவனைப் பார்த்தபடி நிற்கிறார், பதில் சொல்வதில்லை. விளக்கு அணைகிறது. எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் துல்லியமாகச் சொன்ன ஆசிரியைக்கு இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மௌனம் நாவலின் கடைசி வரியைவிட நேர்மையானது என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பீர்கள்.

படிவம் ஆறு ஆசிரியர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் பேசலாம். பிறகு ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள்: கிறிஸ்டபரின் புத்தகம் அச்சாகி ஸ்டீவின் அம்மா கைக்குப் போகிறது; அவர் ஷிவோனுக்கு எழுதும் கடிதம், ஒரு பக்கம்.