வெருளியும் வகுப்பறையும்

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய கத்தரித் தோட்டத்து வெருளியை அறியாத தமிழாசிரியர் ஈழத்திற் சிலரே இருத்தல் கூடும். அறிந்தோருள் அதனைப் படிப்பித்த வேளையில் வாய்விட்டுச் சிரித்தவர் எத்துணைப் பேர்? இவ்வினாவைக் குறும்புக்காக எழுப்பினோமல்லோம். சிரிக்காத ஆசிரியர் முன்னிலையிற் பிள்ளைகள் சிரிக்க அஞ்சுவர். சிரிப்படங்கியதும் அப்பாடலின் உயிரும் அடங்கிவிடுகிறது.

எமது வகுப்பறைகளிற் கவிதைக்கு நேர்வதென்ன? ஆசிரியர் ஒரு முறை வாசிப்பார். அருஞ்சொற்பொருள் கரும்பலகையில் ஏறும். பொழிப்புரை கொப்பியில் இறங்கும். 'இப்பாடல் உணர்த்தும் படிப்பினை யாது?' என்ற வினாவோடு பாடம் முற்றுப்பெறும். ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. பரீட்சை வினாத்தாள் கேட்பதை அவர் கற்பிக்கிறார். அவரும் ஒரு காலத்தில் இவ்வாறே கற்பிக்கப்பட்டவர். எனினும், தாம் சுவைக்காத ஒன்றைப் பிறர்க்குச் சுவைக்கக் கொடுத்தல் எவர்க்கும் இயலாது.

வெருளிப் பாடலின் சுவை எங்குள்ளது? வைக்கோலும் பழந்துணியுமான ஓர் உருவத்தைக் கடமை தவறாத சேவகனாக விளித்து, அதன் உறுமாலையையும் மீசையையும் புலவர் புகழும் அந்தப் போலிக் கம்பீரத்தில் உள்ளது. கும்மியடிக்கத்தக்க ஓசை அக்கம்பீரத்தைத் துள்ளவைக்கிறது. இதனைப் பொழிப்புரையில் எழுதிவிட முடியுமா? கைதட்டி, உரத்துப் பாடி, ஒருவனை வெருளியாக நிறுத்திவைத்தே உணர முடியும்.

அதே பாடலில் இன்னொன்றும் உண்டு. கூலியும் வாங்காமல் வேலை செய்பவனென்று வெருளி புகழப்படுகிறது. முற்போக்கு நண்பர் சிலர் இவ்விடத்திற் சினந்தெழுந்து, இது நிலவுடைமை மனப்பான்மை எனத் தீர்ப்பளிக்கக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். பாடலை நீதிபோதனையாக்குவது எத்தகைய கொலையோ, அதனைச் சுலோகமாக்குவதும் அத்தகைய கொலையே. கூலி கேளாத தொழிலாளி வைக்கோற் பொம்மையாக மட்டுமே இருக்க முடியும் என்ற நகைப்பு அப்பாடலுள்ளேயே கிடக்கிறது. புலவர் அதனைக் கருதினாரோ இல்லையோ, தோட்டங்காவலுக்குச் செல்லும் தந்தையையுடைய பிள்ளை அதனை உடனே காணும்.

எழுதுதல் இங்கேதான் தொடங்கவேண்டும். 'வெருளி புலவருக்கு என்ன மறுமொழி கூறும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை சம்பளம் கேட்கும். இன்னொன்று மழைக்குக் குடை கேட்கும். மற்றொன்று காகத்தோடு நட்புக் கொள்ளும். எதுகை மோனைக்கு அவசரம் வேண்டாம். கிளித்தட்டு மறிக்கும்போதும் கயிறடிக்கும்போதும் பிள்ளைகள் தாளத்தோடுதான் கத்துகின்றனர். காது அவர்களிடம் உண்டு. இத்தாலியில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராயும் பொதுவுடைமையாளராயும் விளங்கிய ஜானி ரொடாரி, 1973இல் வெளிவந்த 'கற்பனையின் இலக்கணம்' என்னும் நூலில், தொடர்பற்ற இரு சொற்களை அருகருகே வைத்துப் பிள்ளைகளைக் கதை புனையத் தூண்டும் வழியொன்றை விளக்கினார். வெருளியையும் சம்பளத்தையும் அருகருகே வைப்பதும் அவ்வழியைச் சார்ந்ததே. ஆசிரியரும் உடனிருந்து நான்கு வரி எழுதுதல் நன்று. அவர் வரி சோபிக்காவிடினும் வகுப்பு நடுங்குவது நின்றுவிடும்.

இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். அதே புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கூழும் கொழுக்கட்டையுமாய் நாவில் ஊறும். ஹற்றன் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அது பிறர் வீட்டு விருந்து. அதனை நீக்குக என்பதன்று எமது வாதம். பக்கத்தில் அப்பிள்ளையின் வீட்டுப் பாட்டும் வைக்கப்படவேண்டும். ஆசிரியராயும் தொழிற்சங்கவாதியாயும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்தெடுக்கும் பெண்களின் பாட்டும் அங்கு இன்னும் சில முதியோர் வாயில் உள்ளன. பிள்ளைகள் கொப்பியோடு அவர்களிடம் செல்லட்டும். கேட்டெழுதி வந்தவற்றை மறுநாள் வகுப்பிற் பாடட்டும். அன்றைக்குப் பொழிப்புரை வேண்டாம்.