எர்லிக்கின் வெள்ளிகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்

1936, பிராக் நகரில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி. ஆடவர் அணிப் பிரிவில் போலந்தின் அலோய்ஸி எர்லிக்கும் ருமேனியாவின் ஃபர்காஸ் பனேத்தும் மோதினார்கள். இருவருமே யூதர்கள், இருவருமே தடுப்பாட்டக்காரர்கள். முதல் புள்ளி முடிவாகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த ஆட்டத்தைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய மட்டையில் ஸ்பாஞ்ச் இல்லை. மரப்பலகையின் மேல் சொரசொரப்பான ரப்பர் மட்டும்தான். அதில் வேகமும் சுழலும் குறைவு. வலையோ இன்றைய 15.25 செ.மீ. உயரத்தைவிட அதிகம். ஓங்கி அடிப்பவருக்கே ஆபத்து, பொறுத்து ஆடுபவருக்கே லாபம். எர்லிக் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்.

பிறகு வலையைத் தாழ்த்தினார்கள், நேரத்துக்கும் வரம்பு கட்டினார்கள். இன்று ஒரு கேம் 10 நிமிடம் நீண்டும் இருவரும் சேர்ந்து 18 புள்ளிகள் எடுக்காவிட்டால் விரைவாட்ட விதி வந்துவிடும். அதன்பின் சர்வீஸை எதிர்கொள்பவர் 13 முறை பந்தைத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே. எர்லிக் போன்றவர்களின் பொறுமைதான் இப்படியொரு விதியைத் தேவையாக்கியது.

ஒற்றையரில் அவர் மூன்று முறை இறுதிக்கு வந்தார். 1936இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கோலாரிடமும், 1937, 1939இல் ரிச்சர்ட் பெர்க்மனிடமும் தோற்றார். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. போர்க்காலத்தில் பிடிபட்ட எர்லிக், அவுஷ்விட்ஸ், டாகாவ் முகாம்களில் அடைபட்டார். நாஜி ஒருவர் அவரை டேபிள் டென்னிஸ் வீரர் என்று அடையாளம் கண்டதால் விஷவாயு அறையிலிருந்து தப்பினார் என்று சொல்லப்படுகிறது.

விளையாட்டு அவரைக் காப்பாற்றியது என்று இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அதே அவுஷ்விட்ஸில் அடைபட்ட யூதக் குத்துச்சண்டை வீரர் விக்டர் பெரெஸ் உலக சாம்பியன் பட்டமே வென்றவர். அவர் 1945 ஜனவரியில், கைதிகளை நடத்திச் சென்ற மரண அணிவகுப்பில் கொல்லப்பட்டார். புகழ் அங்கே யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. எந்தப் புகழும் இல்லாத லட்சக்கணக்கானோரின் உயிரும் அதே அளவு விலைமதிப்பற்றதுதான்.

உயிர் பிழைத்த எர்லிக் பிரான்ஸில் குடியேறி, மீண்டும் மட்டையைப் பிடித்தார். பயிற்சியாளரானார், பந்தைத் தானே வீசும் பயிற்சி இயந்திரத்தையும் உருவாக்கினார். 1992இல் மறைந்தார்.

சாம்பியன்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஆனால் மூன்று உலக இறுதிகளை எட்டி, வதைமுகாமிலிருந்து மீண்டு, அடுத்த தலைமுறைக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரை இரண்டாம் இடத்துக்காரர் என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. டேபிள் டென்னிஸ் கற்றுத்தரும் ஒவ்வொரு பயிற்சியாளரும் எர்லிக்கின் கதையைத் தன் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.