உச்சம் யாருடையது? ஹிட்ச்காக்கின் ஒரு பத்தாண்டு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். 1925இல் முதல் படத்தை எடுத்தார். கடைசிப் படம் 1976இல் வந்தது. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ', 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'சைக்கோ', 'தி பேர்ட்ஸ்' ஆகிய ஐந்தும் 1954க்கும் 1963க்கும் இடையில் வந்தவை. அரை நூற்றாண்டு உழைப்பில் இந்தப் பத்தாண்டு மட்டும் ஏன் இப்படி விளைந்தது? திரை விமர்சகர்கள் இதற்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பதில் பாரிஸிலிருந்து வந்தது. 'கஹியே து சினிமா' இதழில் எழுதிவந்த இளைஞர்கள், படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்று வாதாடினார்கள். அமெரிக்காவில் பலர் ஹிட்ச்காக்கை வெறும் பொழுதுபோக்குப் படக்காரராகவே மதித்துவந்த காலத்தில், 1957இல், எரிக் ரோமரும் க்ளோத் ஷப்ரோலும் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். 1962இல் ஃபிரான்சுவா த்ரூஃபோ நாள்கணக்கில் எடுத்த பேட்டி, 1966இல் புத்தகமாகி அவரை மேதைகளின் வரிசையில் உட்காரவைத்தது. இந்தப் பார்வைக்கு உச்சம் என்பது ஒரு தனிமனிதனின் முதிர்ச்சி.

இரண்டாவது பதிலை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தந்தார்கள். டொனால்ட் ஸ்போடோ 1983இல் எழுதிய நூல், ஹிட்ச்காக்கின் அச்சங்களிலும் நடிகைகள் மீது அவர் செலுத்திய ஆதிக்கத்திலும் படங்களின் வேரைத் தேடியது. 'வெர்டிகோ'வை இப்படிப் படிக்க இடமிருக்கிறது. ஆனால் அந்த அச்சங்கள் வாழ்நாள் முழுக்க அவரோடு இருந்தவை என்றால், இந்தப் பத்தாண்டின் தனிச்சிறப்புக்கு அவை விளக்கமாகா.

மூன்றாவது பதில் படப்பிடிப்புத் தளத்திலிருந்து கிடைத்தது. ஸ்டீவன் ரெபெல்லோ 1990இல் 'சைக்கோ' உருவான கதையையும், டான் ஆய்லர் 1998இல் 'வெர்டிகோ' உருவான கதையையும் எழுதினார்கள். இவ்வகை நூல்கள் இயக்குநருக்குப் பின்னால் நின்றவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. என் கட்சியும் இதுதான்.

பெயர்களைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ் 1951 முதல் 1964 வரை ஹிட்ச்காக்குக்குப் பன்னிரண்டு படங்கள் செய்தார்; இடையில் விட்டது 'சைக்கோ' ஒன்றைத்தான். ஜார்ஜ் தொமாசினி ஒன்பது படங்களுக்குப் படத்தொகுப்பு செய்தார். பெர்னார்ட் ஹெர்மன் ஏழு படங்களுக்கு இசையமைத்தார். 'ரியர் விண்டோ' தொடங்கி அடுத்தடுத்து நான்கு படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர் ஜான் மைக்கேல் ஹேய்ஸ். 'வெர்டிகோ', 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'சைக்கோ' மூன்றுக்கும் டைட்டில் வடிவமைத்தவர் சால் பாஸ். ஒரே குழு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தது.

அந்தக் குழு செய்த வேலைக்கு இரண்டு சான்றுகள் போதும். 'வெர்டிகோ'வில் நாயகன் மாடிப்படிகளின் இடைவெளி வழியே கீழே பார்க்கும்போது ஆழம் நீண்டுகொண்டே போகும். படிக்கட்டின் சிறு மாதிரியைச் செய்து பக்கவாட்டில் படுக்கவைத்து, கேமராவை நகர்த்திக்கொண்டே அதற்கு எதிர்த்திசையில் லென்ஸால் ஜூம் செய்து எடுத்தார்கள். இந்த உத்தியை அமைத்துக் கொடுத்த இர்மின் ராபர்ட்ஸின் பெயர் டைட்டிலில் கிடையாது. 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் உத்தரவு. ஹெர்மன் அதை மீறி, தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து அலறலாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். கேட்டதும் ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். இன்று அந்த இசை இல்லாமல் அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்க முடியாது.

பணமும் சாதகமாக இருந்தது. பாரமவுண்ட் ஒப்பந்தம் அவருக்குப் படங்களில் பங்குரிமை தந்தது. 1955இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவர் முகத்தை வீடுவீடாகக் கொண்டுபோனது. 'சைக்கோ'வுக்குப் பணம் போட ஸ்டுடியோ தயங்கியபோது, தொலைக்காட்சிக் குழுவை வைத்தே கறுப்பு வெள்ளையில் சுமார் எட்டு லட்சம் டாலரில் எடுத்து முடித்தார்.

பிறகு குழு கலைந்தது. திரைக்கதைக்கான பெயர்ப் பங்கீட்டுத் தகராறில் ஹேய்ஸ் முன்பே விலகியிருந்தார். தொமாசினி 1964இல் இறந்தார். 1966இல் 'டார்ன் கர்டன்' படத்துக்கு ஸ்டுடியோ காலத்துக்கேற்ற இசையைக் கேட்க, ஹெர்மன் வேறொன்றை எழுத, ஒலிப்பதிவின் நடுவிலேயே உறவு முறிந்தது. பர்க்ஸ் 1968இல் இறந்தார்.

குழுவே காரணம் என்ற இந்த வாதத்தை மறுக்க இரண்டு படங்கள் உண்டு. பர்க்ஸ், தொமாசினி, ஹெர்மன் மூவரும் இருந்தும் 'மார்னி' அன்று எடுபடவில்லை. மூவரும் இல்லாமலே 1972இல் 'ஃப்ரென்சி' வென்றது. நல்ல குழு மட்டும் நல்ல படத்துக்கு உத்தரவாதமில்லை, தனியொரு வெற்றியும் சாத்தியமே என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் 'ஃப்ரென்சி' ஒற்றைப் படம். வரிசையாகப் படங்கள் வந்தது குழு இருந்தபோதுதான்.

2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், ஐம்பதாண்டுகளாக முதலிடத்திலிருந்த 'சிட்டிசன் கேன்' படத்தை 'வெர்டிகோ' பின்தள்ளியது. அந்த மகுடம் ஹிட்ச்காக்கின் தலையில் ஏறியது நியாயமே. பர்க்ஸுக்கும் தொமாசினிக்கும் ஹெர்மனுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைச் சேர்த்து எழுதும்போதுதான் அந்தப் பத்தாண்டின் வரலாறு முழுமையாகும்.