பெயர்ச்சீட்டில் இல்லாதவர்கள்: பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் அறிவொளிக் கூடம் – ஒரு விமர்சனம்



ஒரு கண்காட்சியைப் பற்றி விமர்சனம் எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? அங்கே இருந்த பொருள்களை வரிசையாகப் பட்டியல் போடுகிறார்கள். கடைசியில் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அது வருணனைதான், விமர்சனம் ஆகாது. விமர்சனம் என்றால், இந்தக் கண்காட்சி நம்மிடம் என்ன சொல்ல வருகிறது, அதைச் சரியாகச் சொல்கிறதா, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு கூடத்தை எடுத்து அப்படிப் பார்ப்போம், வாங்க.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் முதலாம் அறைக்கு 'அறிவொளிக் கூடம்' என்று பெயர். அரும்பொருளகம் நிறுவப்பட்டு 250 ஆண்டுகள் ஆனதையொட்டி 2003இல் திறக்கப்பட்ட நிரந்தரக் கூடம் இது. கட்டணம் கிடையாது. லண்டனுக்குப் போக முடியாதவர்கள் பல பொருள்களின் படங்களை அரும்பொருளகத்தின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

முதலில் அறிவொளிக் காலம் என்பதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், "பெரியவர்கள் சொன்னார்கள், ஆகவே உண்மை" என்ற பழக்கத்தைச் சிந்தனையாளர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கண்ணால் பார், சோதித்துப் பார், வகைப்படுத்து, பிறகு முடிவுக்கு வா என்றார்கள். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1784இல் எழுதிய கட்டுரையில், மனிதன் தன் அறிவைத் தானே பயன்படுத்தும் துணிவு பெறுவதையே அறிவொளி என்று விளக்கினார்.

இந்தக் கூடம் அந்த மனநிலையை அழகாகக் கண்முன் நிறுத்துகிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நூலகத்துக்காக 1823 முதல் 1827 வரை கட்டப்பட்ட நீண்ட மண்டபம் அது. இயற்கை, தொல்லியல், கலை, பழைய எழுத்துகள், சமயம், வணிகமும் பயணமும், வகைப்படுத்தல் என்று ஏழு தலைப்புகளில் பொருள்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அலமாரிகளில் சிப்பி, நாணயம், சிலை, சாடி என்று நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். ரொசெட்டா கல்லின் நகல் ஒன்றும் உண்டு; அதைத் தொட்டே பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே உள்ள 'கடல் மனிதன்'. குரங்கின் மேற்பாதியையும் மீனின் வாலையும் இணைத்துச் செய்த போலி அது. அறிவைக் கொண்டாடும் கூடத்தில் ஒரு போலிக்கும் இடம் கொடுத்திருப்பது நல்ல முடிவு. சோதித்துப் பார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதை அது ஒரு நொடியில் உணர்த்திவிடுகிறது. பகிரி வழியாக வரும் எல்லாவற்றையும் அப்படியே அனுப்பிவிடும் நமக்கும் அது பாடம்தான்.

சரி, குறை எங்கே? வகைப்படுத்தியவரின் பெயர் எங்கும் தெரிகிறது. வகைப்படுத்தப்பட்டவரின் குரல் கேட்பதில்லை.

இதற்கு முக்கிய எடுத்துக்காட்டு சர் ஹான்ஸ் ஸ்லோன். மருத்துவரான இவர் சேர்த்த 71,000க்கும் மேற்பட்ட பொருள்கள்தாம் இந்த அரும்பொருளகத்தின் அடித்தளம். அவர் 1753இல் இறந்த பிறகு அவற்றை நாடாளுமன்றம் 20,000 பவுண்டுக்கு வாங்கியது. 1759இல் அரும்பொருளகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அறிவு எல்லாருக்கும் பொது என்பது அந்தக் காலத்தில் உண்மையிலேயே புதுமையான எண்ணம். அதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனா இவ்வளவு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? மருத்துவத் தொழிலில் வந்தது ஒரு பங்கு. அவருடைய மனைவிக்கு ஜமைக்காவில் இருந்த கரும்புத் தோட்டங்களின் வருமானம் இன்னொரு பங்கு. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மனித சமத்துவம் பேசிய அதே நூற்றாண்டு அது.

2020இல் ஸ்லோனின் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி, அடிமை முறையோடு அவருக்கிருந்த தொடர்பை விளக்கும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அழித்ததாகச் சொல்ல முடியாது. முன்பு மறைத்த பக்கத்தைச் சேர்த்தார்கள். ஆனால் அது போதாது. ஒரே பேழையில் வைத்துவிட்டால், தவறு ஒரு மனிதரோடு முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. மற்ற அலமாரிகளையும் அதே கேள்வியோடு பார்க்க வேண்டாமா?

ஸ்லோன் சேகரிப்பில் ஒரு மேளம் இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிடைத்ததால் அது அமெரிக்கப் பழங்குடியினரின் மேளம் என்று பதிவு செய்தார்கள். பிற்காலத்தில்தான் அது மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களுடையது என்று தெரிந்தது. அடிமைக் கப்பலில் கடல் கடந்து வந்திருக்கக்கூடிய மேளம் அது! அதை வாசித்தவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரே நாளில் விடை கிடைத்திருக்கும். இங்கே அநீதியால் அறிவும் கெட்டுப்போனது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லீங்க. ராஃபிள்ஸும் இப்படிப்பட்ட சேகரிப்பாளர்தான். அவருடைய ஜாவா சேகரிப்பின் ஒரு பகுதி அதே பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் இருக்கிறது. 2019இல் நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் அவற்றை வரவழைத்து, ராஃபிள்ஸை ஓர் அறிஞராக மறுபரிசீலனை செய்யும் கண்காட்சி நடத்தியது. நம்மிடம் இன்னொரு செல்வமும் உண்டு. தமிழ் வம்சாவளி கொண்ட முன்ஷி அப்துல்லா, இளம் வயதில் மலாக்காவில் ராஃபிள்ஸிடம் எழுத்துப் பணி செய்தவர். இலை, பூச்சி, சிப்பி, விலங்கு என்று ஒவ்வொன்றையும் தேடிக் கொண்டுவர ராஃபிள்ஸ் ஆள் வைத்ததைத் தம் 'ஹிக்காயாட் அப்துல்லா' நூலில் விவரிக்கிறார். 1824இல் 'ஃபேம்' கப்பல் தீப்பிடித்து மலாய்ச் சுவடிகள் அழிந்ததற்காக வருந்துகிறார். லண்டன் கூடத்தில் நான் தேடியது இப்படிப்பட்ட ஒரு குரலைத்தான். பொருளைச் சேர்த்தவரைப் பற்றி, பக்கத்தில் நின்று உதவியவர் பேசுகிறார்!

மாணவர்களே, எந்தக் கண்காட்சிக்குப் போனாலும், எந்த ஆதாரத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள். இதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இதைச் செய்தவர், பயன்படுத்தியவர் எங்கே? இங்கே இல்லாத ஒருவர் வந்து பேசினால் இந்தப் பெயர்ச்சீட்டு மாறுமா? விவாதக் கட்டுரையிலும் "அறிவொளி எல்லா நன்மையும் தந்தது" என்றோ "எல்லாமே ஏமாற்று" என்றோ ஒரே பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். இரு பக்கத்தையும் சான்றோடு எடைபோட்டு, பிறகு உங்கள் முடிவைத் துணிந்து எழுதுங்கள்.

என் முடிவு இது: கேள்வி கேட்கும் பழக்கம்தான் அறிவொளி விட்டுச்சென்ற சிறந்த சொத்து. அதை அறிவொளி மீதே பயன்படுத்தும்போதுதான் அது இன்றைக்கும் பொருந்துகிறது. இந்தக் கூடம் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது, இன்னும் முடிக்கவில்லை.

ஆசிரியர்களே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணும், சொந்தமாக யோசித்துக் கொஞ்சம் தடுமாறியவருக்குக் குறைவும் தந்துகொண்டே, சிந்திக்கச் சொல்லித்தருகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. அடுத்த பயிற்சித்தாள் தயாரிக்கும்போது, மனப்பாடத்தால் விடை எழுத முடியாத ஒரு வினாவையாவது சேர்த்துப் பாருங்கள்.